முல்தானி மட்டியும் நான் சொன்ன ஒரு சொல்லும்



போன பதிவில் வத்தல் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். "கெமிஸ்ட்ரி டீச்சர் சமையல் டீச்சர் ஆயிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். சரி, இந்த முறை கெமிஸ்ட்ரிதான். கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டு லைக் போட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பரீட்சையிலும் கேள்வியைப் பாதி படித்துவிட்டுத்தான் பதில் எழுதினீர்கள்.

கோடை லீவுக்குப் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்தாவது போகிறாள். வந்த மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். உள்ளறையில் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதற்கு நேர் கீழே பாயில் மல்லாந்து கிடந்தாள். முகம் முழுக்க வெளிறிய மண் நிறத்தில் ஒரு பூச்சு. கண்ணும் உதடும் மட்டும் தெரிந்தன. பூச்சு நன்றாகக் காய்ந்து நெற்றியிலும் கன்னத்திலும் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

நான் கரிசக்காட்டில் பிறந்தவள். சித்திரை வெயிலில் எங்கள் காடு அப்படித்தான் வெடித்துக் கிடக்கும். சின்ன வயதில் அந்த வெடிப்புக்குள் கால் மாட்டி விழுந்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது.

"என்னட்டி, கம்மாய்க்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்தியா?"

வாயைத் திறந்தால் பூச்சு உதிருமே, பதில் சொல்லவில்லை. ஆனால் கண்ணோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரு ஈரக்கோடு இறங்கியது. அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று புரிந்தது.

முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். நெற்றியிலும் தாடையிலும் பருக்கள். அது இந்த வயதில் இருக்கக்கூடியதுதான். ஆனால் கன்னம் சிவந்து போய், மூக்கின் இரண்டு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு வெடிப்பு.

"எத்தனை நாளாப் போடுதே?"

"மூணு மாசமா ஆச்சி. டெய்லி ரெண்டு தடவை."

"எவ்வளவு நேரம் வைப்பே?"

"நல்லா இறுகுற வரைக்கும். ஒரு மணி நேரம். இறுக இறுகத்தான் எண்ணெய வெளிய இழுக்குமாம்."

"எதுல குழைக்கிறே?"

"எலுமிச்சம்பழச் சாறு. வீடியோல அப்படித்தான் சொன்னாங்க."

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "கிளாஸ்ல என்னை ஆயில் மில்னு கூப்பிடுறாங்க ஆச்சி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பேத்தியை யாரோ கேலி செய்கிறார்கள் என்பதால் மட்டும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன்.

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முல்தானி மட்டி. முல்தான் என்பது இப்போது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இருக்கிற பழைய நகரம். பெயர்தான் அங்கே, நம் கடைக்கு வருவது பெரும்பாலும் ராஜஸ்தான் மண். பார்மர், பிகானேர் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். இங்கிலீஷில் இதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். ஃபுல்லர் என்றால் அந்தக் காலத்தில் கம்பளித் துணியை மிதித்து அலசிக் கொடுத்தவர். ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே கொழுப்பு இருக்கும். அது போனால்தான் சாயம் ஏறும். அந்தக் கொழுப்பை எடுக்க இந்த மண்ணைப் போட்டு மிதித்தார்கள். ஆக, முகத்துக்கு வருவதற்கு முன்னால் இது துணி வெளுத்த மண்.

உடனே நம் ஊர் உவர்மண் ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. நம் சலவைக்காரர்கள் வெள்ளாவி வைப்பதற்கு உவர்மண் கரைசலில்தான் துணியை முக்கி எடுப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அது காரத்தன்மையால் அழுக்கை எடுக்கிறது. முல்தானி மட்டி அப்படிக் கரைத்து எடுப்பதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிடித்து வைத்துக்கொள்வது என்றால் என்ன? பிளஸ் டூவில் புறப்பரப்பு வேதியியல் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். கரித்தூள் ஒரு கரைசலின் நிறத்தைத் தன் மேற்பரப்பில் பிடித்து நிறுத்துவது பரப்புக் கவர்ச்சி. களிமண் இரண்டாவது ரகம். அதற்குப் பரப்பு வேண்டும், நிறைய வேண்டும். களிமண்ணிடம் அது இருக்கிறது. முல்தானி மட்டியில் முக்கியமாக இருப்பது மான்ட்மோரிலோனைட் என்ற கனிமமும் அதன் பங்காளிகளும். அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அப்பளமும் ஒரு நானோமீட்டர் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு. அப்படி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் அடுக்குகள் எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் எழுநூறு சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் பிள்ளைகள் விளையாடிய கபடி மைதானம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஏழு மைதானம் ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மடங்கிக் கிடக்கிறது!

சொன்னால் மட்டும் போதுமா? பேத்தியை உட்கார வைத்து, மூன்று வெள்ளைத் தாள்களில் தேங்காயெண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டேன். முதல் தாளில் ஒன்றும் போடவில்லை. மற்ற இரண்டிலும் மண்ணைச் சன்னமாகத் தூவினோம். ஒன்றைப் பத்து நிமிஷத்தில் தட்டிப் பார்த்தோம், இன்னொன்றை ஒரு மணி நேரம் கழித்து. மண் தூவிய இரண்டிலும் எண்ணெய்ப் பளபளப்பு நன்றாகக் குறைந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை. பட்டுப் புடவையில் எண்ணெய் சொட்டினால் உடனே டால்கம் பவுடரைக் கொட்டுவோம் இல்லையா, அதே கதைதான். பவுடரும் பொடித்த கனிமம்தானே. நாம் வாங்குகிற ரீஃபைண்டு எண்ணெயின் நிறத்தை எடுப்பதற்குக்கூட ஆலையில் இதே குடும்பத்துக் களிமண்ணை அமிலத்தில் பதப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள்.

"அப்போ ஒரு மணி நேரம் எதுக்கு ஆச்சி இறுகுது?"

நல்ல கேள்வி. மண் இறுகுவதற்கும் எண்ணெய் இழுப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். தண்ணீர் போனால் சுருங்கும். நம் கரிசலிலும் இதே மான்ட்மோரிலோனைட் வகைதான் நிறைய இருக்கிறது. அதனால்தான் மழையில் சப்பென்று ஒட்டி, செருப்பையே பிடுங்கிக்கொள்கிற காடு, கோடையில் வாயைப் பிளக்கிறது. கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுவரையே விரிசல் விட வைக்கிற மண் அது. முகத்தில் சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுக்கும். "இறுக்கிப் பிடிக்குது, வேலை செய்யுது" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அது ஈரம் போகிற அறிகுறி, அவ்வளவுதான்.

"நம்ம காட்டு மண்ணும் இதே சாதின்னா, அதையே அள்ளிப் பூசிக்கலாமா?"

"பூசிக்கோ. பருத்திக்கு அடிச்ச மருந்தும் மாட்டுச் சாணியும் ஓசியில வரும்."

அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். எங்கள் ஆச்சி கம்மாய்க் கரம்பையை எடுத்துக் காயவைத்துச் சலித்து, அதைக் குழைத்துத் தலை தேய்த்துக் குளித்தவள்தான். அன்றைய கம்மாய் வேறு. இன்றைக்கு நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கினாலும், முகத்துக்கு என்று அச்சிட்டு மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள். திறந்த சாக்கில் வைத்து அளந்து போடுகிற மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது.

அடுத்தது எலுமிச்சம்பழம். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2. பி.எச். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. மூன்று படி இறங்கினால்? ஆயிரம் மடங்கு. அதை ஒரு மணி நேரம் வைத்து, ஃபேனையும் போட்டு, தினமும் இரண்டு தடவை, மூன்று மாதம். போதாததற்கு எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் சிலருக்குப் புண்ணாகும், கருந்திட்டு விழும். இட்லிக்குப் புளித்தது போதாது என்று மாவில் அமிலம் ஊற்றுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முகத்துக்கு மட்டும் செய்கிறோம்.

இவ்வளவு நேரம் டீச்சராகப் பேசிவிட்டேன். இனிமேல் சொல்ல வேண்டியதைத்தான் நான்கு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

1994 என்று நினைக்கிறேன். பிளஸ் ஒன் வகுப்பு. பஸ்ஸில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை. பெயர் எழுதப் போவதில்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். கெட்டிக்காரி. மதியத்துக்கு மேல் லேப். நம் லேபில் ஒரே ஒரு ஃபேன், அதுவும் சுற்றியும் சுற்றாமலும் இருக்கும். உப்பு ஆய்வு நடக்கிறது, ஸ்பிரிட் விளக்குகள் எரிகின்றன. எல்லாருக்கும் வேர்க்கிறது. அவள் முகம் மட்டும் எண்ணெய் பூசினதுபோல் மினுங்குகிறது. அவள் சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டி ஏதோ சந்தேகம் கேட்டாள். நான் குழாயைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"என்னட்டி, மூஞ்சில செக்கு ஓடுதா? போய்க் கழுவிட்டு வா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சந்தேகத்துக்குப் பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

அன்றிலிருந்து அவள் பெயர் செக்கு. இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் அவள் குழாயடிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவள் முகம் வெள்ளை பூத்து, கன்னம் வறண்டு வெடித்து, வாயைத் திறந்து பேசவே சிரமப்பட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்." பக்கத்தில் இருந்த பிள்ளைதான் சொன்னாள், "சலவைச் சோடாவக் கரைச்சு மூஞ்சில தேய்க்கிறா டீச்சர்."

"அறிவிருக்கா உனக்கு? கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைதானே நீ?" என்று கத்தினேன்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, காரம் எண்ணெயச் சோப்பா மாத்தி எடுத்திரும்னு."

சொன்னேன். சோப்பாதல் வினை. கரும்பலகையில் சமன்பாடு எழுதி, அடுப்படிப் பிசுக்கு சோடாத் தண்ணீரில் ஏன் போகிறது என்று உதாரணமும் கொடுத்தேன். அவள் பாடத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள். சோடாக் கரைசலின் பி.எச். 11 பக்கம் நிற்கும். எண்ணெயோடு தோலின் காப்பையும் சேர்த்துக் கழற்றிவிடும். அந்தப் பாதியை நான் சொல்லித்தரவில்லை. வகுப்பு முன்னால் அவளை இரண்டாவது தடவையும் திட்டிவிட்டு, டஸ்டரை எடுத்துப் போர்டைத் துடைத்து அடுத்த பாடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது என்ற ஒன்று இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி வர வேண்டும் என்று காலையில் வரிசையில் நிறுத்திப் பார்த்தது யார்? நாங்கள்தான். பறட்டைத் தலையோடு வந்தவளை வெளியே நிறுத்தியதும் நாங்கள்தான். தலை எண்ணெய் வெயிலில் இளகி நெற்றியில் இறங்கத்தான் செய்யும். நெற்றிப் பருவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

அவள் பிளஸ் டூ முடித்தாள், கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க். கடைசியில் எடுத்த குரூப் போட்டோவைப் பேத்தி வந்த அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். மூன்று தடவை எண்ணினேன். அதில் அவள் இல்லை. அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள்.

மறுநாள் பேத்தியைத் திருநெல்வேலிக்கு ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதில் உங்களில் பலரைவிடச் சின்னவர். முதலில் அவர் கேட்டது, "வேற என்ன கிரீம் போட்டீங்க? பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம் ஏதாவது?" என்பதுதான். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். ஸ்டீராய்டு கலந்த கிரீமை மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கிப் பூசி, முகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அவ்வளவு பேராம். முதல் வாரம் பளிச்சென்று இருக்குமாம். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கொட்டுமாம். அதை நிறுத்தினால் இன்னும் மோசமாகுமாம். சொந்தக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னால் பெண்பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் பேத்தியிடம் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. "இது அழுக்கு இல்லம்மா. நீ சுத்தமா இல்லைன்னு அர்த்தமும் இல்லை" என்று ஆரம்பித்தார். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் ஆண், பெண் இருவருக்கும் கூடும். அது எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெருக்கும். நெற்றி, மூக்கு, தாடையில் அந்தச் சுரப்பிகள் அதிகம். துளையில் எண்ணெயும் செத்த தோல் செல்களும் அடைத்துக்கொள்ள, அங்கே வழக்கமாகக் குடியிருக்கிற பாக்டீரியா பெருகி வீங்கினால் பரு. மூக்கில் தெரிகிற கரும்புள்ளிகூட அழுக்கு இல்லையாம், காற்றுப் பட்டுக் கறுத்ததாம். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் எத்தனை பேர்!

"அப்போ முல்தானி மட்டி?" என்று பேத்தி கேட்டாள்.

"மேல இருக்கற எண்ணெய எடுக்கும். சுரப்பிய ஒண்ணும் செய்யாது. நாலு மணி நேரத்துல மறுபடி எண்ணெய் வரத்தான் செய்யும். பருவுக்கு அது மருந்து இல்லை."

ராத்திரியில் பூச ஒரு மருந்து, மென்மையான ஃபேஸ்வாஷ் இரண்டு வேளை, எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், நாலாவது நாளில் கண்ணாடியைப் பார்த்து அழக்கூடாது என்றார். மருந்துப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் வாங்கிவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? தோல் ஆறும் வரை மண் வேண்டாம், மருந்தும் ஆரம்பத்தில் தோலை வறட்டும் என்று சொல்லிவிட்டார். எண்ணெய் வழிகிற முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று நானே கேட்டேன். எண்ணெய் வேறு, ஈரம் வேறு என்றார். அறுபது வயதுக்கு மேல் இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பேத்தி ஊருக்குப் போய் இப்போது மூன்று மாதம் ஆகிறது. உரிந்த தோல் சீக்கிரமே ஆறிவிட்டது. பரு குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை. இப்போது டாக்டர் அனுமதியோடு வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண் போடுகிறாள். வீடியோ காலில் என் முன்னால்தான். வெறும் தண்ணீரில் குழைக்கிறாள், தோசை மாவு பதத்துக்கு. எலுமிச்சை கிடையாது, ஆப்பச் சோடா கிடையாது. முதல் தடவை போடுவதற்கு முன்னால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்க்கச் சொன்னேன். பொடியைக் கொட்டும்போது தூசி பறக்காமல் மெதுவாக, மூக்கில் ஏறக்கூடாது. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் போடுவதில்லை. கன்னத்திலும் போடுவதில்லை, அங்கே எண்ணெய் குறைவு. நெற்றி, மூக்கு, தாடை மட்டும். பத்து நிமிஷம். ஃபேன் கிடையாது. ஓரம் வெளுக்க ஆரம்பித்ததும், நடுவில் ஈரம் இருக்கும்போதே, தண்ணீர் தொட்டு இளக்கிக் கழுவ வேண்டும். காய்ந்ததைப் பிய்க்கக்கூடாது. உடனே மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான் கதை. வறண்ட தோல்காரர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் இருக்கிறது, திருவனந்தபுரம் பக்கம் தோன்னக்கல்லில் கிடைப்பது. அது தண்ணீரில் இவ்வளவு உப்பாது, எண்ணெயை இழுப்பதும் குறைவு, அதனால் சாது. தோல் காய்ந்தால் சுரப்பி கோபித்துக்கொண்டு இரண்டு மடங்கு எண்ணெய் விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் சொல்ல மாட்டேன். காய்ந்த தோல் எரியும், உரியும். நிறுத்துவதற்கு அதுவே போதும்.

தலைக்கு எண்ணெய் வைத்தால் ராத்திரி வைத்துக் காலையில் அலசிவிடு, தலையணை உறையை அடிக்கடி மாற்று என்று சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா, அதாவது என் மகள், "எங்களை மட்டும் எண்ணெய் வழிய வழிய ஸ்கூலுக்கு அனுப்புனீங்களே" என்கிறாள். அனுப்பினேன்தான்.

ஆயில் மில் என்று கூப்பிட்ட பிள்ளைகளைப் பற்றி அவள் வகுப்பு டீச்சரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் ஆச்சி, இன்னும் கூடும் என்றாள். "உங்க டீச்சர் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். "அவங்களும் சிரிப்பாங்க" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, மொட்டை மாடியில் படுத்திருந்தபோது, அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். செக்கு, சோடா, போட்டோ எல்லாம். நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். "ஃபேஸ்புக்ல உங்க ஸ்டூடண்ட்ஸ்லாம் இருக்காங்களே" என்றாள். இந்தப் பதிவு அப்படி வந்ததுதான்.

அம்மா, நீ இதை எங்கே இருந்து வாசிக்கிறாய், வாசிக்கிறாயா என்றே எனக்குத் தெரியாது. இப்போது உனக்கு வயது நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். உனக்கும் இந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம். அன்றைக்கு லேபில் உன் முகத்தைப் பற்றி நான் சொன்னது தப்பு. உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. பதினாறு வயதில் இருக்க வேண்டியதுதான் இருந்தது. சோடா விஷயத்தில் நீ முட்டாள் இல்லை, பாதிப் பாடம் நடத்தினவள் நான். அதற்காக உன்னை வகுப்பு முன்னால் திட்டியதும் தப்பு. என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியவில்லை என்றாலும் அது உன் இஷ்டம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் என்று தெரிந்தாலும் கமெண்டில் அவள் பெயரைப் போடாதீர்கள், டேக் செய்யாதீர்கள். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி "அவளா டீச்சர்" என்று யாரும் கேட்கக் கூடாது. அவளோடு தொடர்பில் இருக்கிறவர்கள் தனியாக இதை அனுப்பிவைத்தால் போதும். பேசு என்று அவளை வற்புறுத்த வேண்டாம். "நீங்க அப்படியெல்லாம் இல்ல டீச்சர்" என்றும் எழுதாதீர்கள். அன்றைக்கு லேபில் நீங்களும் இருந்தீர்கள்.